கவிழ்ந்த வண்டி வெறுமையாக வரக் கூடாது

அன்று வண்டியின் பின்னால் இருந்தவர்கள் இவர்கள்.

நான். என் தம்பி. தம்பி மனைவி. அவள் இடுப்பில் குழந்தை. என் மாமியார். ரோட்டோரம் டீக்கடை வைத்திருப்பவர். பக்கத்துத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அப்புறம் டீக்கடைக்காரரின் ஆடு.

முன்னால் என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது.

இது வண்டி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து. கவிழ்ந்தபோது அதில் இருந்தது நானும் அவரும் மட்டும்தான். இங்கேயே எழுதிவிடுகிறேன். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

எங்களுடையது பிக்கப் வண்டி. பழையது. மகளிர் குழுக் கடனும் என் தோடும் சேர்ந்து வாங்கியது. அதனால் ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸும் என் பேரில். மலைமேல் குண்டனி நாட்டில் எங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் விளைகிற வாழை, அன்னாசி, பலா, மிளகு எல்லாம் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவோம். அவர் ஓட்டுவார். நான் கூடப் போய் வாடகை வாங்குவேன். அவரிடம் விட்டால் பாதிப் பேரிடம் வாங்க மாட்டார். நான் படித்தது அஞ்சாவது. அவர் எட்டாவது. ஆனால் கூச்சம் அதிகம்.

கார்த்திகை மாதம். நாலு நாளாக மழை விடவில்லை. வாழைத்தார் ஏற்றி வந்தோம். எதிரே டிப்பர் லாரி வந்தது. அவர் ஓரம் கட்டினார். ஊறிய மண் இறங்கியது. வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது, மாடு படுப்பது மாதிரி. முன் கண்ணாடி போனது. என் பக்கத்துக் கதவு நசுங்கியது. அவர் என் மேல் கிடந்தார்.

“ஏ புள்ள, உசுரு இருக்குதா?” என்றார்.

“நீங்க எந்திரிச்சா இருக்கும்” என்றேன்.

கண்ணாடி இருந்த ஓட்டை வழியாக வெளியே வந்தோம். அவருக்குத் தோள்பட்டை வீங்கியிருந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. டிப்பர்காரர் இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை. மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும். ஏறிப் போய் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல் பாலிசி நம்பர் கேட்டது. சொன்னேன். “கவலைப்படாதீங்க மேடம், நாங்க இருக்கோம்” என்றது. என்னை யாரும் அதற்கு முன் மேடம் என்றதில்லை.

அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. தம்பி ஊரிலிருந்து எல்லோரையும் கூட்டி வந்தான். டிராக்டர் வந்தது. கயிறு போட்டு நிமிர்த்தினார்கள். சிதறிய வாழைத்தாரில் நல்லதை எடுத்து வைத்துவிட்டு, அடிபட்டதை வந்தவர்களுக்குக் கொடுத்தோம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கவிழ்ந்த வண்டி வெறுமையாக ஊருக்குள் வரக் கூடாது. நல்ல உயிர்கள் ஏறி உட்கார்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி மறுபடியும் ஆள் தேடும் என்பார்கள். இதை யார் ஆரம்பித்தது என்று தெரியாது. மலைக்கு வண்டி வந்தே ரொம்பக் காலம் ஆகவில்லை. அதற்குள் அதற்கொரு வழக்கமும் வந்துவிட்டது.

அப்படித்தான் எல்லோரும் ஏறினோம். பஸ்ஸுக்கு நின்றவரும் ஏறினார். “நானும் அந்தப் பக்கம்தானுங்க போறேன்” என்றார். டீக்கடைக்காரர் ஆட்டையும் தூக்கிப் போட்டார். அதுவும் உயிர்தானே என்றார்.

டீக்கடைக்காரர் கனமான ஆள். பின் கதவைத் திறந்து போட்டு, அதன்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். கதவைத் தாங்கும் கொண்டி ஒன்று சத்தம் போட்டு வளைந்தது.

“என்னங்க சத்தம்?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்கண்ணா. உக்காருங்க” என்றான் தம்பி.

பிறகு அவன் முன்பக்கம் போய் நின்று, போனை உயர்த்தி, தன்னையும் சேர்த்து எல்லோரையும் படம் எடுத்தான். மாமியார் கூடச் சிரித்தார். உயிர் பிழைத்த நாள். சிரிப்பு வந்தது. படத்தை அவன் ஸ்டேட்டஸில் போட்டான். கீழே ஒரு வரி எழுதினான். ‘குடும்பத்தோட ஒரு ரவுண்டு.’

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

வண்டியை லாரியில் ஏற்றி மலையிறக்கினோம். அடிவாரத்தில் காரவள்ளி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பாயின் பட்டறை இருக்கிறது. அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“தங்கச்சி, இத்தன அடி பட்டும் நீங்க ரெண்டு பேரும் நடந்து வாரீங்க. வண்டிதான் உங்களுக்காக எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு” என்றார்.

கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். குனிந்து, படுத்து, படம் எடுத்து, சேதங்களை எழுதிக்கொண்டு போனார். நல்ல மாதிரி. பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்றார்.

பதினைந்து நாளில் வேறொருவர் வந்தார். பைக்கில் மலையேறி வந்தார். விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார். சிரித்த முகம். வெயிலில் வந்திருக்கிறாரே என்று சாமைச் சோறு போட்டோம். கோழியும் அடித்தோம். ரெண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தம்பிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

“அன்னிக்குப் போட்டோ எதாச்சும் இருக்குதா தம்பி?” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி ஆசையாகக் காட்டினான். ஸ்டேட்டஸில் போட்டதை அப்படியே அனுப்பியும் வைத்தான்.

ஒரு மாதம் கழித்துத் தபாலில் கடிதம் வந்தது. தம்பி படித்தான். சரக்கு வண்டியில் பத்துப் பயணிகளை ஏற்றிச் சென்றது பாலிசி விதிக்கு விரோதம், ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கூடவே படத்தின் நகல். கீழே அந்த வரி.

தம்பி அந்த நகலைத் தரையில் வைத்தான்.

“நம்ம சோத்தத் தின்னுட்டு…” என்றான் தம்பி.

“நீதானடா பரிமாறுன” என்றார் என் வீட்டுக்காரர்.

“அத உடுங்க. பத்துப் பேருன்னு போட்டிருக்கான். நாம ஒன்பது பேருதான்” என்றேன்.

எல்லோரும் குனிந்து எண்ணினோம். தம்பி மனைவி எண்ணினாள், மாமியார் எண்ணினார். ஒன்பதுதான் வந்தது. அப்புறம் மாமியார் விரலை ஓர் இடத்தில் வைத்தார். டீக்கடைக்காரர் தோளுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு தலை.

“இது ஆடு சாமி” என்றார்.

மறுநாள் டீக்கடைக்காரரிடம் சொன்னோம். அவர் ஆட்டைக் கூப்பிட்டு, “உன்னையும் பயணின்னு எழுதிட்டானுங்க. இனிமே உனக்கும் டிக்கெட் எடுக்கோணும்” என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வண்டி கீழே பட்டறையில் நின்றது.

வண்டி நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் கடன் தவணை நிற்கும். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் கட்டினேன். மூன்றாவது மாதம் முடியவில்லை. குழுக் கூட்டத்தில் என் பங்கை எல்லோரும் பிரித்துப் போட்டார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்.

“ஆடு மேய்ச்சி நான் சேத்த காசு. உங்க வண்டிக்கு நாங்க எத்தன மாசம் கட்டோணும்?”

அவள் கேட்டதில் தப்பில்லை.

மிளகு சீசன் வந்தது. எங்களிடம் ஏற்றுகிறவர்கள் வேறு வண்டியில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் அந்த வேறு வண்டிக்கே டிரைவராகப் போனார். தோள் வலியோடு ஓட்டினார். இரவில் தைலம் மட்டும் கேட்பார்.

நானும் தம்பியும் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். கம்பெனி ஆபீசில் குளிராக இருந்தது. கவுண்டரில் ஒரு சின்னப் பெண்.

“ஏனுங்கம்மா, இந்தப் படம் வண்டி கவுந்த பொறகு எடுத்தது” என்றேன்.

“கவுந்த வண்டியில யாராச்சும் ஏறுவாங்களா அக்கா?” என்றாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

“நாங்க ஏறுவோம்.”

“எதுக்கு?”

சொன்னேன். அவள் பக்கத்து மேசையைப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மேலிடத்தில் எடுத்த முடிவு, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம்.

எழுதும்போது தம்பிக்கு ஒன்று தோன்றியது. போனில் படம் எடுத்த நேரம் இருக்குமே என்றான். பார்த்தான். பதினொன்றே முக்கால். நான் கம்பெனிக்குப் போன் போட்டது ஒன்பதரை. அது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பத்தாவது பயணி ஆடு என்பதையும் தனியாக எழுதினோம்.

முடிந்தது என்று நினைத்துத் திரும்பும் வழியில் ஆளுக்கொரு பரோட்டா சாப்பிட்டோம்.

முடியவில்லை. இரண்டாவது கடிதம் வந்தது. விபத்துக்குப் பிறகே எடுத்த படம் என்றாலும், சேதமான வண்டியில் ஆட்களை ஏற்றியதால் சேதம் அதிகமாகியிருக்கலாம், அதுவும் விதிமீறலே, கோரிக்கை மறுபடியும் நிராகரிக்கப்படுகிறது. ஏறிய எல்லோருடைய பெயரும் முகவரியும் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். ஆட்டைப் பற்றி ஒன்றுமில்லை.

“தரவே மாட்டேன்னு சொல்லிட்டு, பேரு எதுக்குக் கேக்குறான்?” என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோர் பெயரையும் எழுதினோம். பஸ்ஸுக்கு நின்றவர் பெயர் தெரியவில்லை. ஆலத்தூர் நாட்டுப் பக்கம் இருக்கலாம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். தம்பி இரண்டு நாள் அந்தப் பக்கம் போய்ப் படத்தைக் காட்டிக் கேட்டு வந்தான். யாருக்கும் தெரியவில்லை.

“எதாச்சும் ஒரு பேரு போட்டுடலாங்கா. முருகன்னு போட்டா எந்த ஊர்லயும் ஒருத்தன் இருப்பான்.”

“தெரியாதுன்னு எழுது” என்றேன்.

கம்பெனிக் கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது. முடிவில் திருப்தி இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். பணம் கட்ட வேண்டாம். வக்கீல் வேண்டாம். தம்பி மூன்று முறை படித்தான். இவ்வளவு பெரிய உதவியை இவ்வளவு பொடியாகப் போட்டிருக்கிறார்களே என்றான்.

முறையிட்டோம். ஒரு நாள் குறித்து அனுப்பினார்கள். சென்னைக்குப் போக வேண்டியதில்லை, போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். மேட்டுச் சிக்னலை நம்ப முடியாது. மேகம் இறங்கினால் போய்விடும். அதனால் அன்று காலை முதல் பஸ்ஸில் இறங்கிப் பாய் பட்டறைக்குப் போனோம்.

பாய் விஷயத்தைக் கேட்டதும் கையைத் தட்டினார்.

“டேய், ஒரு மணி நேரம் எவனும் சுத்தியல எடுக்கக் கூடாது. கோர்ட்டு நடக்குது.”

எங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்தேன். அங்குதான் நிழல் இருந்தது. தம்பி போனைப் பிடித்துக்கொண்டான். போனில் மூன்று பெட்டி தெரிந்தது. ஒன்றில் குறைதீர்ப்பாளர். வயதான அம்மா, கண்ணாடி போட்டவர். ஒன்றில் கம்பெனிக்காரர், கோட்டு போட்டவர். ஒன்றில் நான். எனக்குப் பின்னால் உடைந்த கதவு.

கம்பெனிக்காரர் நிறையப் பேசினார். பாதி புரிந்தது. ஒன்பது பேர் ஏறியது இவர்களே ஒப்புக்கொண்டது என்று முடித்தார்.

“ஏறுனீங்களாம்மா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“ஏறுனோமுங்க.”

“உடைஞ்ச வண்டியில எதுக்கு ஏறுனீங்க?”

“கவுந்த வண்டி வெறுமையா ஊருக்குள்ள வரக் கூடாதுங்க.”

“வந்தா?”

“மறுபடி ஆளு கேக்குமுங்க.”

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். கம்பெனிக்காரர் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

“வண்டி அப்ப ஓடுச்சா?”

“இல்லீங்க. டிராக்டர் இழுத்துச்சு.”

“சரி. இத நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க எல்லாரும் ஏறினதால வண்டிக்கு எதாவது சேதம் ஆச்சா?”

போனுக்குப் பின்னால் தம்பி வேகமாகத் தலையாட்டினான். இல்லை என்று சொல்லச் சொன்னான். பாய் ஒரு பக்கம் கையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் மட்டும் சும்மா நின்றார். அவருக்கு என்னைத் தெரியும்.

“ஆச்சுங்க” என்றேன்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். போனும் ஆடியது.

“பின் கதவுக் கொண்டி ஒண்ணு வளைஞ்சதுங்க. டீக்கடைக்காரர் அதுமேல உக்காந்தாரு. அது கவுந்ததுல ஆனதில்லீங்க. சர்வேயர் அதையும் சேத்து எழுதிட்டாரு.”

“மேடம், பாத்தீங்களா, அவங்களே சொல்றாங்க” என்றார் கம்பெனிக்காரர். கோட்டைச் சரி செய்துகொண்டார்.

“இருங்க” என்றார் அந்த அம்மா. “வேற எதாவது?”

“வேற இல்லீங்க. கண்ணாடி, கதவு, ரேடியேட்டர் எல்லாம் கவுந்தப்ப போனதுங்க.”

“கொண்டிய நீங்களா எதுக்குச் சொன்னீங்க?”

“நீங்க கேட்டீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கம்பெனிக்காரரைப் பார்த்தார்.

“உங்க சர்வேயர் எழுதின பட்டியல்ல அந்தக் கொண்டியத் தவிர மத்ததெல்லாம் ஆள் ஏறினதால ஆனதுன்னு சொல்றீங்களா?”

“அப்படி இல்ல மேடம். பாலிசி நிபந்தனைப்படி…”

“ஒன்பது பேர் பின்னால உக்காந்தா முன்கண்ணாடி உடையுமா?”

அவர் காகிதத்தைப் புரட்டினார். நிறைய நேரம் புரட்டினார். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பையன் மட்டும் டீ தம்ளரோடு நடந்து வந்து, பாய் முறைத்ததும் அப்படியே நின்றான்.

“விபத்துக்கு அப்புறம் நடந்தது, விபத்துக்குக் காரணம் ஆகாது. அத நீங்க முதல் கடிதத்துலயே பாத்திருக்கணும்” என்றார் அந்த அம்மா. “உத்தரவு தபால்ல வரும். நீங்க போலாம்மா.”

“வாரேனுங்க” என்றேன்.

பெட்டிகள் மறைந்தன. பாய் கையைத் தட்டினார். சுத்தியல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன.

தம்பி என்மேல் பாய்ந்தான்.

“உன்னப் பொய் சொல்லச் சொல்லலக்கா. அந்தக் கொண்டியப் பத்திச் சும்மா இருந்திருக்கலாமில்ல?”

“நீ ஸ்டேட்டஸ் போடாம சும்மா இருந்திருக்கலாமில்ல?”

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஏழு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

“தங்கச்சி, அந்தக் கொண்டிய நான் காசில்லாம நிமித்தித் தாரேன்” என்றார் பாய்.

“வேண்டாங்க பாய். உக்காந்தவரு குடுப்பாரு.”

ஊருக்கு வந்து டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நா உக்காந்தா வளையுற இரும்பு, அது என்னாத்த இரும்பு? மெட்ராசுல இருக்குற அந்தம்மாகிட்ட என் எடையப் போயிச் சொல்லியிருக்குற.”

“எடை சொல்லலீங்கண்ணா. உக்காந்தீங்கன்னுதான் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் அவர் மனைவி, உள்ளிருந்து.

காசு தர மாட்டேன் என்றார். சாயங்காலம் அவரே வந்து கொடுத்தார். ஆடு விற்றதாகச் சொன்னார். பயணி ஆடா என்று தம்பி கேட்டான். அது இல்லை, வேறு ஆடு என்றார்.

உத்தரவு வந்தது. சர்வேயர் போட்ட எழுபத்திரண்டாயிரத்தில் அந்தக் கொண்டிக்கு உண்டானதைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று இருந்தது. தம்பி சத்தமாகப் படித்தான். கொண்டி என்று வந்த இடத்தில் மட்டும் குரலை இறக்கினான்.

ஒரு மாதம் பார்த்தோம். வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். அதே பெண் குரல்தானோ என்னமோ. “கவலைப்படாதீங்க மேடம்” என்றது.

“கவலப்படலீங்க. எப்பப் போடுவீங்க?” என்றேன்.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். என் பங்கை மறுபடியும் பிரித்துப் போடுகிற பேச்சு வந்தது. ஆடு மேய்க்கிறவள் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்க்க ஆரம்பித்தாள். அப்போது என் போன் ஒரு தடவை சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தேன். பாங்கிலிருந்து வந்திருந்தது.

“கண்ணு, அத முடிஞ்சு வையி” என்றேன் அவளிடம்.

“வந்துருச்சா?” என்றாள்.

“வந்துருச்சு.”

“எவ்வளவு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

எழுபதாயிரத்து நானூறு.